பயிற்சியும் பாவமும்



பாட்டைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி உண்டு என்று உங்களுள் சிலர் கேட்கலாம். கேட்பது முறையே. நான் பாடகன் அல்லன்; சங்கீதம் கற்ற வித்துவானும் அல்லன். பள்ளிக்கூடத்தில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் பாட்டுக் கேட்பதில் எனக்குள்ள பழக்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அன்றியும், பாட்டைப் பற்றி நான் கொண்டிருந்த தவறான எண்ணம் ஒன்றினால் என் மாணாக்கன் ஒருவனுக்குத் தீங்கு நேர்ந்தது. அந்தக் கடனை என்னால் தீர்க்க இயலாது. கடன் உண்டு என்று ஒப்புக்கொள்ளவாவது செய்யலாமன்றோ? அதற்காகவே இன்று பேசப் புகுகின்றேன்.

திரைப்பாட்டும் மெல்லிசையும் ஒலிக்கின்ற வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரு வழக்கு ஓயாமல் நடந்து வருகின்றது. “அவர் குரல் என்ன சுத்தம்! சுருதி இம்மியும் விலகவில்லை” என்பார் ஒருவர். “இருந்தென்ன? பாட்டில் உயிர் இல்லையே. இவரைக் கேளுங்கள், தொண்டை கரகரக்கின்றது, ஆனால் நெஞ்சைப் பிசைகின்றது” என்பார் மற்றவர். முன்னவர் பயிற்சியின் கட்சி. பின்னவர் பாவத்தின் கட்சி. தமிழில் ‘பாவம்’ என்று எழுதினால் உணர்ச்சியின் வெளிப்பாடு என்றும் பொருள்படும்; தீவினை என்றும் பொருள்படும்; இரங்கத்தக்கது என்றும் பொருள்படும். நான் சொல்லப்போகும் செய்தியில் மூன்று பொருளும் உண்டு.

நெடுங்காலம் நான் பாவத்தின் கட்சியைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். ‘பயிற்சி மிகுந்தால் உணர்ச்சி குறையும், இலக்கணம் புகுந்த வீட்டில் இன்பம் தங்காது’ என்பது என் முடிவு. தமிழாசிரியனாக இருந்துகொண்டு இலக்கணத்தைப் பற்றி இவ்வாறு எண்ணியது விந்தைதான். ஆனால் தம் துறையில் ஒப்புக்கொள்ளாத ஒன்றை அயல் துறையில் தாராளமாக ஒப்புக்கொள்வது மனித இயல்பு.

1980களின் பிற்பகுதியில் திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணாக்கன். தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. பள்ளி ஆண்டுவிழாவில் அவன் ஒரு சோகப் பாட்டைப் பாடினான். கழுத்து நரம்புகள் புடைக்க, முகம் சிவக்க, கண்ணில் நீர் தளும்பப் பாடினான். கூடியிருந்த பெற்றோர் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். நானும் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் பள்ளியின் பாட்டு ஆசிரியை என்னிடம் வந்தார். “சார், இந்தப் பையன் தொண்டையாலேயே பாடுகிறான். மூச்சு அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். காலையில் அரைமணி நேரம் என்னிடம் அனுப்புங்கள். சரளி வரிசையும் அகார சாதகமும் சொல்லிக் கொடுக்கிறேன்” என்றார். நான் சிரித்துக்கொண்டே, “டீச்சர், அவன் காட்டுப் பூ. தொட்டியில் வைத்து வாட்டிவிடாதீர்கள்” என்றேன். அந்த அம்மையார் என்னினும் இளையவர். மறுமொழி கூறாமல் சென்றுவிட்டார். நான் பெரிய ரசிகத்தன்மையோடு பேசிவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன். அந்தப் பையனிடமும், “நீ யாரிடமும் கற்க வேண்டாம், உன் நெஞ்சில் இருப்பதைப் பாடு” என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தச் சொல்லில் எவ்வளவு அறியாமை அடங்கியிருந்தது என்பதை உணர்த்துவதற்கு, மக்கள் பாடும் பாட்டில் குரல் நடந்து வந்த வழியைச் சற்றே நினைவுபடுத்த வேண்டும்.

ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையை எண்ணிப் பாருங்கள். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்டவேண்டும். ஆகவே மேடைப் பாடகர்கள் உயர்ந்த சுருதியில், கணீரென்று பாடினார்கள். 1933-இல் இளவயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவும், அவருடன் மேடையேறிய கே. பி. சுந்தராம்பாளும் அவ்வகையில் பெரும்புகழ் பெற்றவர்கள். 1953-இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அந்த மேடைக் குரலின் வீச்சை இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே குரலின் ஆற்றலே முதற்கடமை. நுண்ணிய குழைவுகள் அதற்குப் பின்னரே.

பிறகு ஒலிவாங்கி வந்தது. மேல்நாட்டில் 1925-ஆம் ஆண்டளவில் மின்முறை ஒலிப்பதிவு வழக்கத்திற்கு வந்தது. அதற்கு முன் பாடகர் ஒரு கூம்பின் வாயில் உரக்கப் பாட வேண்டியிருந்தது. மின்முறை வந்தபின், காதோடு காதாகப் பேசுவதுபோலப் பாடினாலும் தட்டில் பதிந்தது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றோர் இந்த மென்குரல் பாணியில் புகழ்பெற்றனர். நம் நாட்டிலும் பின்னணிப் பாடல் முறை வேரூன்றியபின், ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் முதலியோரின் மென்மையான குரல்கள் வீடுதோறும் புகுந்தன. நான் சிறுவனாக இருந்த காலத்தில், இலங்கை வானொலியில் அக்குரல்கள் வரும்போது, யாரோ ஒருவர் நம் திண்ணையில் அமர்ந்து நமக்காக மட்டும் பாடுவது போலிருக்கும்.

இங்கேதான் என்னைப் போன்றவர்கள் ஏமாந்தோம். உரக்கப் பாடுவதற்கே பயிற்சி வேண்டும், மெல்லப் பாடுவதற்கு உணர்ச்சி இருந்தால் போதும் என்று எண்ணிவிட்டோம். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒலிவாங்கி மென்மையைப் பெருக்கிக் காட்டுவது போலவே குற்றத்தையும் பெருக்கிக் காட்டும். மூச்சு வாங்கும் ஓசையும், சொல்லின் ஈற்றில் சுருதி தாழ்வதும் நாடகக் கொட்டகையில் மறைந்துபோகும். ஒலிவாங்கியின் முன் மறையா. அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா 1940 முதல் 1942 வரை டாமி டார்சியின் இசைக்குழுவில் பாடினார். டார்சி வாசித்தது டிராம்போன் என்னும் நீண்ட பித்தளைக் குழல். இடையிலே மூச்சு வாங்குவது தெரியாமல் அவர் நீண்ட இசைத்தொடரை வாசிப்பதைப் பின்னாலிருந்து கூர்ந்து நோக்கியே தாம் மூச்சின் நுட்பத்தைக் கற்றதாகச் சினாட்ரா கூறியிருக்கிறார். நுரையீரலை வலுப்படுத்த நீருக்கடியில் நீந்தியும் பழகினாராம். கேட்பவருக்கு அவர் பாட்டு எளிய பேச்சுப் போலத் தோன்றும். அந்த எளிமைக்குப் பின்னே இருந்தது இவ்வளவு உழைப்பு.

‘முறையாகச் சங்கீதம் கற்காத எஸ். பி. பாலசுப்பிரமணியம் பெரும் பாடகராக விளங்கவில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். விளங்கினார். ஆனால் ‘சங்கராபரணம்’ படத்தின் பாடல்களைப் பாடுவதற்கு முன், இசையமைப்பாளர் கே. வி. மகாதேவனின் உதவியாளராகிய புகழேந்தி அவற்றை அவருக்குப் பாடம் சொல்லிப் பழக்கினார். அதன்பின் பாடிய பாட்டுக்கே 1979-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. அவர் பாடசாலைக்குப் போகவில்லையே தவிர, பாடம் கேட்காமலிருந்தவர் அல்லர்.

இனி, பாவம் என்பது எங்கே இருக்கின்றது என்று பார்ப்போம். பாடுபவர் நெஞ்சிலா? பாட்டிலா? கேட்பவர் நெஞ்சிலா?

நம் தமிழில் இதற்கு விடையாக அமைந்த சொல் ஒன்று உண்டு. தொல்காப்பியர் சுவைகளை எண்வகை மெய்ப்பாடுகளாக வகுத்துத் தனியோர் இயலே அமைத்தார். மெய்ப்பாடு என்பது யாது? உள்ளத்தில் எழுந்தது மெய்யிலே, அதாவது உடம்பிலே, புலப்படுவது. உள்ளத்தில் இருப்பது மட்டும் மெய்ப்பாடு ஆகாது. பிறர் அறியும்படி உடம்பில் தோன்றினாலன்றி அதற்கு அப்பெயர் இல்லை. மேடை நடிகருக்குக் கண்ணும் கையும் உண்டு. பின்னணிப் பாடகருக்கோ முகமும் இல்லை, உருவமும் இல்லை. அவருக்கு மெய் என்பதே குரல்தான். அக்குரல் சொன்னபடி கேட்டாலன்றி உள்ளத்தில் எது பொங்கினாலும் நமக்கு எட்டாது.

அன்றியும், உண்மையான துயரம் பாட்டுக்குப் பகை. ‘துக்கம் தொண்டையை அடைத்தது’ என்று நாம் சொல்வது வெறும் அலங்காரம் அன்று. அழுகை முட்டும்போது தொண்டைத் தசைகள் இறுகுகின்றன, குரல்வளை மேலெழுகின்றது, மூச்சு விம்மலாகத் துண்டுபடுகின்றது. அழுகின்றவரால் பேசவே இயலாது, பாடுவது எங்ஙனம்? ஆகவே, பாடகர் அழுதால் பாட்டு நின்றுபோகும். அவர் அழாமலிருந்தால்தான் நாம் அழமுடியும்.

நம் திரைப்படங்களில் ஒரே மெட்டை மகிழ்ச்சியில் ஒருமுறையும் துயரத்தில் ஒருமுறையும் பாடவைக்கும் வழக்கம் உண்டு. 1994-இல் வெளிவந்த ‘கருத்தம்மா’ படத்தில் ஒரு மெட்டு அவ்வாறு இருமுறை வருகின்றது. மகிழ்ச்சிப் பாட்டை உன்னிமேனனும் சுஜாதாவும் பாடினர். சோகப் பாட்டைப் பாடிய சொர்ணலதாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. வாய்ப்பிருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மெட்டின் அடிப்படை ஒன்றே. மாறியவை எவை? நடையின் வேகம், ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் இடையிலுள்ள வெளி, சொல்லின் முதலெழுத்தைத் தொடும் விதம், ஈற்றெழுத்தைத் தேயவிடும் விதம். அவ்வளவு துயரத்திலும் அவர் குரலில் சுருதி கலைவதில்லை. நாம் உணர்ச்சி என்று ஒரே சொல்லால் குறிப்பது, பாடுபவரிடத்தில் இத்தகைய பல சிறு செயல்களாக இருக்கின்றது.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் செய்யுளை வாய்விட்டுப் படிக்கும் பாடம் எனக்கு நினைவு வருகின்றது. உருக்கமாகப் படிப்பதாக எண்ணி நான் குரலை நடுங்கவிட்டேன். எங்கள் விரிவுரையாளர், “குரலை நடுக்காதே; நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்து, போதும்” என்றார். அவ்வாறே செய்தேன், வகுப்பு அமைதியாயிற்று. அந்தப் பாடத்தைச் செய்யுளுக்கு மட்டும் உரியது என்று கருதியது என் பிழை.

இவ்விடத்தில் பாவத்தின் கட்சியார் ஒரு வலிய சான்றைக் காட்டுவர். அமெரிக்கக் கருப்பினப் பாடகி பில்லி ஹாலிடே தம் இறுதிக் காலத்தில், 1958-இல், ‘லேடி இன் சாட்டின்’ என்னும் இசைத்தட்டுக்காகப் பாடினார். அடுத்த ஆண்டே, 44-ஆம் வயதில், அவர் மறைந்தார். அத்தட்டில் அவர் குரல் தேய்ந்து, வறண்டு, உடைந்து கிடக்கின்றது. எனினும் கேட்போர் உருகுகின்றனர். ‘பயிற்சி போயிற்று, உணர்ச்சி நின்றது. இதற்கு என்ன சொல்கிறீர்?’ என்பது அவர்கள் கேள்வி.

நானும் இதைச் சான்றாகக் காட்டியவனே. ஆனால் மறுபடியும் பொறுமையாகக் கேட்டபோது வேறொன்று புலப்பட்டது. அவருக்குப் போனது குரலின் வளம், நுட்பம் போகவில்லை. இளமையிலும் அவர் குரல் விரிந்த ஸ்தாயியை உடையதன்று. தாளத்திற்குச் சற்றே பின்தங்கிச் சொல்லை இடுவதும், மெட்டின் ஒரு மூலையை மடித்து வேறுவிதமாக விரிப்பதும், ஒரு சாதாரணச் சொல்லின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுவதுமே அவர் கலை. இருபத்தைந்து ஆண்டுக்கால உழைப்பில் விளைந்த அக்கலை, குரல் உடைந்த பின்னும் அவரைக் கைவிடவில்லை. வீணையின் மெருகு போயிற்று. விரல் தேர்ச்சி நின்றது. கரகரத்த தொண்டையில்தான் உணர்ச்சி இருக்கின்றது என்று இதிலிருந்து முடிவு செய்வது, கிழிந்த ஆடையில்தான் புலமை இருக்கின்றது என்று முடிவு செய்வது போலாகும்.

இவ்வாறு கூறுவதனால் பயிற்சியின் கட்சிக்கே நான் முழுவதும் போய்விட்டதாக எண்ண வேண்டா. அக்கட்சியிலும் ஒரு குற்றம் உண்டு. தொலைக்காட்சிப் போட்டிகளில் சிறு குழந்தைகள் பாடுவதைப் பார்க்கின்றோம். தேவையற்ற இடத்தில் சங்கதிகளை அள்ளி வீசி, மேல் ஸ்தாயியில் ஏறி நின்று, கைதட்டலுக்காகக் காத்திருக்கும் வழக்கம் அங்கே வளர்கின்றது. பாட்டின் பொருள் தாலாட்டாக இருக்கும்; பாடும் முறையோ மலையேறும் போட்டியாக இருக்கும். நுட்பம் தன்னைக் காட்டப் புகுந்தால் பாட்டு ஒதுங்கிக்கொள்கின்றது. நல்ல சமையலில் உப்பு இருப்பதை யாரும் பேசுவதில்லை, மிகுந்தால்தான் பேசுகின்றார்கள்.

சுருதியை மட்டும் பயிற்சி என்று எண்ணியவர்களுக்கு இயந்திரமும் ஒரு பாடம் கற்பித்துவிட்டது. நிலத்தடியில் எண்ணெய் உள்ள இடத்தை ஒலியலைகளால் தேடும் துறையில் பணியாற்றிய ஆண்டி ஹில்டிபிராண்ட் என்னும் அமெரிக்கர், 1997-இல் ‘ஆட்டோ-டியூன்’ என்னும் கணினிக் கருவியை வெளியிட்டார். சுருதி விலகிய குரலை அது சரியான சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இன்று உலகெங்கும் மக்கள் கேட்கும் பாட்டில் இத்தகைய திருத்தம் பரவிவிட்டது. ஆகவே, சுருதி சுத்தத்தைக் கடையில் வாங்கலாம். எந்தச் சொல்லுக்கு முன்னே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லை மெல்ல விடுவது என்று தீர்மானிப்பதை அவ்வாறு வாங்க இயலாது. அது பாட்டின் பொருளை அறிந்தவர் பழகிப் பழகிப் பெறுவது.

என் மாணாக்கனின் கதைக்கு மீள்கின்றேன். பள்ளிப்படிப்பு முடிந்ததும் அவன் மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தான். கோயில் கொடைவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியுமட்டும் பாடுவான். ஆண்மகன் சாதாரணமாகப் பேசும்போது அவன் குரல் நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் ஸ்தாயியில் பாடும்போது 400 முறைக்கு மேலும் மோதும். தாரையும் பேரிகையும் முழங்கும் மேடையில், மூச்சின் துணையின்றித் தொண்டையாலேயே இரவெல்லாம் கத்தினால் என்ன ஆகும்? மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவது போல, ஓயாத உராய்வினால் குரல் நாணும் தடித்துவிடும்.

ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவனைப் பேருந்து நிலையத்தில் சந்தித்தேன். “வணக்கம் சார்” என்றான். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. தொண்டை மருத்துவர் பல வாரங்கள் பேசாதிருக்கச் சொல்லியிருந்தார். பிறகு பேச்சுக்குக் குரல் திரும்பியது. பாட்டுக்கு அந்த மேல் ஸ்தாயி திரும்பவில்லை. “பாட்டெல்லாம் உள்ளேதான் சார் இருக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை” என்றான். என்மேல் அவன் குறை கூறவில்லை. காலை அரைமணி நேரத்தை நான் தடுத்த செய்தி அவனுக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும். நெஞ்சில் இருப்பதைப் பாடச் சொன்ன நான், நெஞ்சிலிருந்து வெளியே வரும் வழியைக் காக்கச் சொல்லவில்லை.

இப்போது அவன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கின்றான். சில ஆண்டுகளுக்கு முன் எங்களூர்க் கொடைவிழாவில் அவனைக் கண்டேன். மேடையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தான். கூட்டம் ஆரவாரித்தது. என் பழைய மாணாக்கன் பாட்டு முடியுமட்டும் பொறுத்திருந்து மேடையருகே சென்றான். “தம்பி, கத்தாதேப்பா. உன் குரல் உனக்கே கேட்கவில்லை, அதனால்தான் கத்துகிறாய். உன் பக்கம் ஒரு பெட்டியைத் திருப்பி வைக்கிறேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடு” என்றான். ஒரு சிறிய ஒலிபெருக்கியைப் பையனை நோக்கித் திருப்பிவைத்தான்.

அடுத்த பாட்டைப் பையன் தாழ்த்திப் பாடினான். ஆரவாரம் குறைந்தது. முன்வரிசையில் குழந்தையை மடியில் கிடத்தியிருந்த ஒரு தாய், விசிறியை நிறுத்திவிட்டு மேடையை நிமிர்ந்து பார்த்தாள்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ ஒரு குழந்தை நெஞ்சுருகப் பாடினால் மகிழுங்கள். ஆனால் நான் சொன்னதைச் சொல்லாதீர்கள். மூச்சைப் பழக்கத் தெரிந்த ஒருவரிடம் அக்குழந்தையைக் காலையில் அரைமணி நேரம் அனுப்புங்கள். காட்டுப் பூ வாடிவிடுமோ என்று அஞ்ச வேண்டா. அதற்கு நீர் ஊற்றுகின்றோம், அவ்வளவே.